பேசாத வீட்டு மின்சாரம்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. காடை முட்டைகள் நானூறு என்பது என் ஞாபகம். நானூற்று எண்பது என்று அவற்றை அடைக்கு வைத்த இந்திராணியே ஒருமுறை சொன்னதாகவும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவர் அப்போது பச்சையா, மஞ்சளா என்று கேட்டால் விழிப்பேன். ஆனால் அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் ஆறு வருடம் கிடந்த மௌனம் எப்படிப்பட்டது என்று நன்றாகத் தெரியும். மௌனங்களை நான் மறப்பதில்லை.

நாமக்கல்லில், மோகனூர் சாலையில், ஒன்றையொன்று ஒட்டிக் கட்டிய பழைய ஹவுசிங் யூனிட் வீடுகள். மின்சாரச் சந்தையைத் திறந்துவிட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பெல்லாம் கரண்ட் போனால் ஆட்கள் வாசலுக்கு வந்து, “உங்க வீட்லயும் இல்லீங்களா?” என்று கேட்டுக்கொள்வார்கள். எல்லார் வீட்டிலும் இல்லை என்று தெரிந்ததும் ஒரு நிம்மதியோடு திரும்பிப் போவார்கள். சந்தை திறந்த பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இருபத்து மூன்று நிறுவனங்கள் வந்துவிட்டன. ஒரே கம்பத்திலிருந்து வரும் ஒரே கம்பியில் ஒரு வீடு ஜொலிக்கும், அடுத்த வீடு இருண்டு கிடக்கும். யார் எந்த நிறுவனத்தை எடுத்தார்கள் என்பது ஜாதகம் மாதிரி ஆகிவிட்டது.

மீட்டருக்குள் ஒரு மென்பொருள் இருந்தது. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் நீளமானது. ஜனங்கள் ‘தரகர்’ என்றார்கள். வீட்டின் பழக்கங்களைப் படித்து, எந்த நேரத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்து மின்சாரம் வாங்குவது அதன் வேலை. சமையலறைச் சுவரில் ஒரு சின்ன ஒலிபெருக்கி, பேசும், கேட்கும். பொழுது சாயும் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை ஊரே மின்சாரத்துக்கு அலையும் நேரம் என்பதால், சிறு திட்டக்காரர்களுக்கு அப்போது ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் பத்து நிமிடம் வீடே அணைந்துவிடும்.

கோகிலவாணியின் வீடு ஒருமுறைகூட அணைந்ததில்லை. அதில் அவளுக்கு மிகுந்த பெருமை. பெண்கள் பள்ளியில் ஆய்வக உதவியாளர், ஐம்பத்திரண்டு வயது, எதையும் அளந்து பார்க்காமல் ஏற்றுக்கொள்ள மாட்டாள். இருபத்து மூன்று நிறுவனங்களின் துண்டறிக்கைகளையும் படித்து, யாரும் சீண்டாத ‘நிறைகுடம் பவர்’ என்ற நிறுவனத்தின் மலிவுத் திட்டத்தை எடுத்திருந்தாள். பக்கத்து வீட்டு இந்திராணி எடுத்திருந்ததும் அதே மாதிரி ஒரு மலிவுத் திட்டம்தான், வேறொரு நிறுவனத்தில். அவள் வீடும் அணைவதில்லை. இது மட்டும் கோகிலவாணிக்குக் கொஞ்சம் உறுத்தல்.

இருவரும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் ஒரு போசி. தூக்கு வைத்த, மூடி போட்ட எவர்சில்வர் போசி. ஆறு வருடத்துக்கு முன் ஒரு தை மாதத்தில் கோகிலவாணி அதில் அரிசிம்பருப்பு சாதம் போட்டு இந்திராணி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். மறுநாள் போசி திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, பளபளவென்று, வெறுமனே. ஒரு கரண்டி சர்க்கரை இல்லை, நாலு வெற்றிலை இல்லை. கோகிலவாணி அதைத் திருப்பிப் பார்த்தாள், மூடியைத் திறந்து மறுபடி பார்த்தாள், பரண் மேல் வைத்தாள். அன்றிலிருந்து பேச்சு நின்றுபோனது. ஏன் என்று அவளும் சொல்லவில்லை; ஏன் என்று இந்திராணியும் கேட்கவில்லை.

நேரில் பேசாதவர்கள் ஜாடை பேசுவார்கள். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பூனையைத் திட்டுவது மாதிரி, டிவியைத் திட்டுவது மாதிரி அடுத்தவரைத் திட்டுவது. அதோடு, ஒருவர் கண்ணில் மற்றவர் படக்கூடாது என்பதற்காக நேரங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், யாரும் பங்கு பிரித்துத் தராமலே. இரண்டு வீட்டிலும் மின்சார அடுப்புதான்; இந்திராணி சாயங்காலம் ஆறு மணிக்குச் சமைப்பாள். அந்தத் தாளிப்பு வாசம் தன் மூக்கில் ஏறக்கூடாது என்று கோகிலவாணி விளக்கையும் விசிறியையும் அணைத்துவிட்டு, கணவரையும் கிளப்பிக்கொண்டு ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய்விடுவாள். ஏழரைக்குத் திரும்பி எட்டு மணிக்கு அடுப்பு வைப்பாள். அந்த நேரத்தில் இந்திராணி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நடைப்பயிற்சிக்குக் கிளம்பிவிடுவாள்.

அந்த வருடம் நிறுவனம் மாற்றிக்கொள்ளும் வாரத்தின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மூன்று மணிக்கு, ‘பொன்னூஞ்சல் எனர்ஜி’ என்ற பெரிய நிறுவனத்திலிருந்து நறுமுகை என்ற பெண் வந்தாள். இருபத்து நான்கு வயதிருக்கும். வெயிலில் வந்தவளுக்கு மோர் கொடுத்து உட்காரவைத்தாள் கோகிலவாணி. மூலையில் நாற்காலியில் அவள் கணவர் சதாசிவம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். லாரி பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடம் சுத்தியல் சத்தத்தில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அதற்கு ஈடுகட்டுவதுபோல் பேச்சையே குறைத்துவிட்டார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

“எங்ககிட்ட வந்தீங்கன்னா ஏசி ஒண்ணு இலவசமா மாட்டித் தருவமுங்க. சாயங்கால வரம்பும் கெடையாதுங்க,” என்றாள் நறுமுகை.

“ஏசி எத்தனை டன்னு?”

“ஒன்றரைங்கம்மா.”

கோகிலவாணி செய்தித்தாளைப் பார்த்தாள். செய்தித்தாள் அசையவில்லை. மே மாதத்து நாமக்கல் வெயிலில் ஒன்றரை டன் ஏசி என்பது யோசிக்க வேண்டிய விஷயமே இல்லை. “செரி அம்மிணி. எங்க கையெழுத்துப் போடோணும்?”

“ஒரு நிமிசமுங்க. உங்க பழைய பதிவ ஒருக்கா பாத்துக்கறேன்.” நறுமுகை தன் தொடுதிரைப் பலகையைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. “ஏனுங்கம்மா, நீங்க இருக்கறது சின்னத் திட்டம். ரெண்டு வருசத்துல ஒரு நாள்கூட வீடு அணையல. எப்புடீங்க?”

“நாம் பாத்து எடுத்த கம்பெனி அப்புடி. அல்லாரும் வெளம்பரத்தப் பாத்து எடுப்பாங்க. நான் பத்து தடவ படிச்சுட்டு எடுத்தேன்.”

“கம்பெனி இல்லீங்க. நீங்க பக்கத்து வீட்ல கடன் வாங்கறீங்க.”

கோகிலவாணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஆரு? நானா?”

“உங்க தரகருங்க. தெனமும் எட்டு மணிக்கு அங்கிருந்து வாங்குது. ஆறு மணிக்கு இங்கிருந்து குடுக்குது. அந்த வீடும் ஒரு தடவகூட அணையலீங்க.”

“அவளுக்கா? என்ற கரண்டையா? அதுக்கு ஆரு அதிகாரம் குடுத்தது?”

“நீங்கதானுங்க. தரகர் வெச்சப்ப நாப்பது கேள்வி கேட்டுச்சில்லீங்களா. முப்பத்தேழாவது கேள்வி. ‘அண்டை வீட்டாருக்குத் தேவை ஏற்பட்டால் கடன் தர விருப்பமா, நிபந்தனை என்ன?’ உங்க பதில் இருக்குது. போடட்டுங்களா?”

பலகையிலிருந்து முதலில் சன்னல் கதவு திறக்கும் சத்தம் வந்தது. பிறகு கோகிலவாணியின் குரல், தேவைக்குமேல் உரக்க: “குடுக்கறதுக்கு என்ன, கை நெறையக் குடுப்பேன். வாங்கறவிய போசிய வெறுமனே திருப்பித் தராம இருந்தாச் செரி.” சற்று இடைவெளி. பிறகு சுவருக்கு அப்பாலிருந்து மெல்லிசாக, ஆனால் தெளிவாக, இன்னொரு குரல்: “நாங்கொண்ணும் வெறும் போசி குடுக்கற பரம்பரை இல்ல. ஒண்ணு வாங்குனா ஒண்ணேகால் குடுப்போம்.”

“ரெண்டு வீட்டுத் தரகரும் இத ஒப்பந்தமா எடுத்துக்கிச்சுங்க,” என்றாள் நறுமுகை.

“அது ஜாடைக்குச் சொன்னது.”

“அதுக்கு ஜாடை தெரியாதுங்களே. ஒண்ணு வாங்குனா ஒண்ணேகால் திருப்பித் தருது. அந்தக் காலுக்கு இது ஒரு கால் சேத்தித் தருது. நிக்கவே இல்லீங்க. அதுக்கும் மேல, ரெண்டு வீடும் ஒரே நேரத்துல ஒண்ணுமே போடறதில்ல. நீங்க போட்டா அவிய அணைக்கறாங்க, அவிய போட்டா நீங்க அணைக்கறீங்க. இத்தன பொருத்தமான வீடு ரெண்ட நான் இந்த ஜில்லாவுல பாத்ததில்லீங்க. ரெண்டு பேரும் பேசி வெச்சுத்தான் பண்றீங்கன்னு நெனச்சேன்.”

கோகிலவாணிக்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆறு வருடப் பகை இவ்வளவு நேர்த்தியாக நடந்திருக்கிறது என்பதில் உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தி; அந்தத் திருப்தியின் மேல் எரிச்சல்.

“செரி. இப்ப நான் உங்க கம்பெனிக்கு வந்துட்டா?”

“எங்க கம்பெனில கடன் குடுக்கல் வாங்கல் கெடையாதுங்க. அஞ்சு மணியோட ஒப்பந்தம் முறிஞ்சிரும். அந்த வீட்ல ஏதோ ஒரு மெஷின் நாள் பூரா ஓடுதாட்ட இருக்குது. ஆறு மணிக்கு அவிய அடுப்பு வெச்சா வரம்பு தாண்டி வீடு அணையும். திரும்பி வரும், மறுக்கா அணையும்.”

அந்த மெஷின் என்ன என்று கோகிலவாணிக்குத் தெரியும். சுவர் சொல்லாத சங்கதி இல்லை. இந்திராணி முட்டைத் தரம் பிரிக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவள். அங்கே இயந்திரம் வந்ததும் வேலை போயிற்று. ஐந்து மாதம் வீட்டில் இருந்துவிட்டு, இருந்ததையெல்லாம் போட்டு, பழைய குஞ்சு பொரிப்பான் ஒன்றை வாங்கி, நானூறு காடை முட்டைகளை அடைக்கு வைத்திருந்தாள். பதினேழு நாள். முதல் ஈட்டில் முந்நூறு குஞ்சு கொடுத்தால் மாதாமாதம் எடுத்துக்கொள்வதாகப் புதுச்சத்திரத்துப் பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். கொடுக்காவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார். சூடு இறங்கினால் கருவெல்லாம் முட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். தொலைபேசியில் அவள் தங்கையிடம் இதையெல்லாம் சொன்னபோது கோகிலவாணி இந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“போனாப் போகுது,” என்றாள் கோகிலவாணி. “நானா அடைக்கு வெக்கச் சொன்னேன்?”

நறுமுகை பலகையை நீட்டிப் பிடித்தபடியே இருந்தாள். கோகிலவாணி விரலை நீட்டினாள். பலகைக்கு ஒரு சாண் மேலே விரல் நின்றது. அப்படியே எவ்வளவு நேரம் நின்றது என்று சொல்ல முடியாது. தெருவில் ஒருவன் தர்பூசணி விற்றுக்கொண்டு போய், அவன் குரல் தெருமுனையில் தேய்ந்து, அதற்குப் பிறகும் நின்றது.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சதாசிவத்தின் குரல் வந்தது. “இன்னைக்கு ஆறாம் நாளு.”

கோகிலவாணி திரும்பினாள். “என்னது?”

“முட்டைக்கு.”

இவரும் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குப் புதுச் செய்தி. ‘ஆறு மணிக்கு அடுப்பு வைக்காதே’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். ஒரு வார்த்தை பேசினால் பேசியதாக ஆகாது. ஆனால் வெறும் கையோடு எப்படிப் போவது? பரண் மேலிருந்து அந்தப் போசியை எடுத்து, தூசு தட்டிக் கழுவி, வறுத்த நிலக்கடலை இரண்டு கை போட்டு மூடினாள். தான் எப்படி என்று தெரியட்டும்.

கதவைத் திறந்த இந்திராணி போசியைத்தான் முதலில் பார்த்தாள். நாற்பத்தைந்து வயது, ஆறு வருடத்தில் காதோரம் நரைத்திருந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் கோகிலவாணி அதை அன்றுதான் கவனித்தாள்.

“ஆறு மணிக்கு அடுப்பு வெக்காத. வெச்சா முட்டை போயிரும்,” என்று சொல்லி, போசியை நீட்டினாள்.

இந்திராணி மூடியைத் திறந்து பார்த்தாள். “இந்தக் கடலையும் வெறும் போசிக் கணக்குத்தானுங்களாக்கா?”

“என்ன சொல்ற நீ?”

“ஆறு வருசமா வெறும் போசி, வெறும் போசின்னு சொல்லிக் காட்டுறீங்களே. நான் போட்ட கச்சாயம் உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லாமப் போச்சாக்கும்னு இருந்துட்டேன். செரி, பெரிய வீட்டுக்காரிய, நம்ம பலகாரம் அவியளுக்கு எங்க ஏறப்போகுது.”

“கச்சாயமா?”

“நாலு கச்சாயம். எங்கம்மா ஊர்ல இருந்து கொண்டாந்தது. வாசல்லயே அண்ணன் கையில குடுத்தனே.”

சொல்லி வைத்ததுபோல், இருவரும் ஒன்றாகத் திரும்பிக் கோகிலவாணியின் வீட்டை நோக்கி நடந்தார்கள்.

சதாசிவம் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றார். நாற்காலியிலிருந்து அவர் அப்படி எழுந்து நின்றதை நறுமுகை பிறகு பலரிடம் சொன்னாள். கோர்ட்டில் நிற்பது மாதிரி இருந்ததாம்.

“ஏனுங்க,” என்றாள் கோகிலவாணி.

“நாலு இருந்துது,” என்றார் சதாசிவம்.

“அப்பறம்?”

“அப்பத்தான் டாக்டர் சர்க்கரைன்னு சொல்லியிருந்தாரு. நீ இனிப்பையெல்லாம் ஒளிச்சு வெச்சுட்ட. குழாயடியில நின்னு சாப்புட்டுட்டு, போசியக் கழுவிக் கொண்டாந்து வெச்சேன். நீ அத இத்தன பெருசா எடுத்துக்குவன்னு தெரியல. தெரிஞ்சப்ப, சொல்ற நேரம் தாண்டிப்போச்சு.”

“ஆறு வருசமா?”

“தெனமும் சொல்லோணும்னுதான் பேப்பர எடுத்துட்டு உக்காருவேன்.” அவர் இந்திராணியைப் பார்த்தார். “நல்லா இருந்துதம்மா.”

முதலில் சிரித்தது யார் என்று அவர்கள் சொன்னது எனக்கு நினைவில்லை. நறுமுகையாக இருக்கலாம். அடக்கப் பார்த்து, முடியாமல், மோரில் புரையேறி, இந்திராணி அவள் தலையில் தட்ட, கோகிலவாணியும் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஐந்து மணிக்கு நறுமுகை மெதுவாக, “அப்ப ஏசி?” என்று கேட்டாள். கோகிலவாணி வேண்டாம் என்று கையை வீசிக் காட்டிவிட்டாள். அந்தப் பெண்ணும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரு பொட்டலம் கடலையை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அதோடு முடிந்திருந்தால் இதில் கதை ஒன்றுமில்லை. ஆறு வருடத்துப் பழமை பேசக் கிடந்தது. கோகிலவாணி கோயிலுக்குப் போகவில்லை. விளக்கு எரிய, விசிறி சுற்ற, இருவரும் பேசினார்கள். ஏழு மணிக்கு இருவருக்கும் ஒரே சமயத்தில் பசித்தது. ஆளுக்கொரு அடுப்பைப் போட்டார்கள். இரண்டு வீடும் ஒன்றாக அணைந்தன. சுவருக்கு அப்பாலிருந்து பொரிப்பானின் அபாய மணி கீச்சிட்டது.

இருட்டில் இடித்துக்கொண்டு ஓடினார்கள். கம்பளி, சாக்கு, சதாசிவத்தின் போர்வை என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் பொரிப்பான் மேல் போட்டு மூடினார்கள். இந்திராணி இரண்டு கைகளையும் அதன் மேல் வைத்து அணைத்தபடி நின்றாள். “ரெண்டு டிகிரி வரைக்கும் தாங்குமுங்க்கா, ரெண்டு வரைக்கும் தாங்கும்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பத்து நிமிடம் கழித்து விளக்கு வந்தபோது சூடு ஒன்றரை டிகிரி இறங்கியிருந்தது.

சமையலறையில் தரகர் பேசியது. நிதானமான குரல். “இரண்டு வீடுகளின் பழக்கமும் இன்று மாறியுள்ளது. பழக்கத்தை நம்பியே கடன் வழங்கப்படுகிறது. இன்னொரு முறை மாறினால் கடன் நிறுத்தப்படும். புதிய பழக்கத்தைப் படிக்க முப்பது நாள் ஆகும்.”

“இன்னும் பதினோரு நாளு இருக்குதே,” என்றாள் இந்திராணி.

கோகிலவாணி யோசித்தாள். பிறகு, ஆய்வகத்தில் அமிலக் குப்பியை எடுக்கும்போது இருக்கும் அதே முகத்தோடு சொன்னாள்: “அப்ப பதினோரு நாளைக்கு நாம பேசக்கூடாது. நீ ஆறு மணிக்குச் சமைக்கோணும், நான் கோயிலுக்குப் போகோணும். நான் எட்டு மணிக்கு அடுப்பு வெக்கறப்ப நீ நடக்கப் போயிரோணும். அப்புடியே பழைய மாதிரி.”

“கஷ்டமுங்க்கா.”

“ஆறு வருசம் இருந்தமே.”

“அப்பக் கோவம் இருந்துதுங்களே.”

அந்தப் பதினோரு நாளைப் போல் நீண்ட நாட்கள் தன் வாழ்க்கையில் இல்லை என்று கோகிலவாணி சொல்வாள். ஆறு வருடம் சுலபமாக வந்த மௌனத்தை இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு காக்க வேண்டியிருந்தது. ஆஞ்சநேயர் கோயிலில், பதினெட்டு அடிச் சிலைக்கு முன்னால் நின்றுகொண்டு, இந்நேரம் இந்திராணி கருவேப்பிலை போட்டிருப்பாள் என்று நினைத்தாள். அந்தத் தாளிப்பு வாசம் வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் காலையில் தரகர், “சில நாட்களாகச் சன்னலைத் திறந்து நீங்கள் எதுவும் சொல்வதில்லையே, உடல்நலம் சரியில்லையா?” என்று கேட்டுவிட்டது. கோகிலவாணி பதறிப்போய்ச் சன்னலைத் திறந்து, “சில பேரு வீட்ல கொழம்பு வெச்சா தெருநாய்கூடத் திரும்பிப் பாக்கறதில்ல,” என்று உரக்கச் சொன்னாள். அந்தப் பக்கம் சன்னல் திறந்தது. பிறகு, “சில பேரு வெக்கற கொழம்பக் குடிச்சுத்தான் நாய்க்குத் திரும்பிப் பாக்கற சீவனே போச்சாம்,” என்று பதில் வந்தது. சிரிப்பு வெளியே கேட்காமலிருக்க கோகிலவாணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தினமும் காலையில் இருவரும் முந்தைய நாளே யோசித்து வைத்த வசவுகளோடு சன்னலுக்கு வந்தார்கள்.

போசி நடப்பதை மீட்டர் அறியாது. அதனால் போசி மட்டும் போய் வந்தது. எடுத்துப் போவது சதாசிவத்தின் வேலை, அதுதான் தண்டனை. இரண்டு பெண்களும் மூடியை நூல் போட்டுக் கட்டி, முடிச்சின் மேல் மாவு பூசி அனுப்பினார்கள். உள்ளே பலகாரம் இருக்கும், அடியில் ஒரு சீட்டு இருக்கும். ‘இன்றோடு திருப்பிவிடுவது நிறுத்தம், இனி முட்டை அசையக்கூடாது’ என்று பதினான்காம் நாள் வந்த சீட்டைக் கோகிலவாணி இரண்டு முறை படித்தாள்.

பதினேழாம் நாள் காலை ஜாடை நேரத்துக்கு அவள் சன்னலைத் திறந்தபோது, அந்தப் பக்கமிருந்து வசவு வரவில்லை. ஊசி முனையால் தகரத்தைக் கீறுவதுபோல் ஒரு சத்தம். ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு எண்ண முடியவில்லை. கோகிலவாணி வாசலுக்கு ஓடி, படியில் நின்று, மணி பார்த்து, திரும்பி உள்ளே வந்தாள். பழக்கம் மாறக்கூடாது. மத்தியானம் போசியில் வந்த சீட்டில் ‘நூற்றெழுபது’ என்றிருந்தது. சாயங்காலம் கோயிலுக்குப் போகும் வழியில் சதாசிவம் இந்திராணியின் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, “இருநூத்தி எண்பத்தொம்பது,” என்றார். அன்று அவள் சாமியிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் இந்திராணியே வந்து கதவைத் தட்டினாள். இரண்டு கைகளையும் குவித்துப் பிடித்திருந்தாள். அதற்குள் கட்டைவிரல் அளவில், வரிவரியாக, ஈரம் காயாத ஒரு குஞ்சு. “முந்நூத்திப் பதினொண்ணுங்க்கா,” என்றாள். “இது பன்னெண்டாவது. காலு கொஞ்சம் வளைஞ்சிருக்குது, பண்ணைக்குத் தர முடியாது. உங்களுக்கு.”

கோகிலவாணி அன்று கோயிலுக்குப் போகவில்லை; பழக்கம் மறுபடி மாறியதால் தரகர் சாயங்காலமே கடனை நிறுத்தியது. இரண்டு வீடும் அடிக்கடி அணைந்தன. பத்து நாள் பார்த்துவிட்டு ஒரே அடுப்பில் சேர்ந்து சமைக்க ஆரம்பித்தார்கள், பிறகு அணையவில்லை.

அடுத்த வருடம் நிறுவனம் மாற்றும் வாரத்தில் நறுமுகை மறுபடி வந்தாள். ஆறு மணி இருக்கும். கோகிலவாணியின் சமையலறையில் இந்திராணி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நறுமுகை பலகையை எடுத்தாள், எடுத்தவள் தயங்கினாள்.

“போன வருசம் உங்க கதைய ஆபீஸ்ல சும்மா சிரிக்கறதுக்குச் சொன்னனுங்கம்மா. மேல இருக்கறவிய சிரிக்கல. கணக்குப் போட்டுப் பாத்தாங்க. பேசாத வீடுக ரெண்ட ஜோடி சேத்தா மின்சாரம் நெறைய மிச்சமாகுதாம். இப்ப அல்லாக் கம்பெனியும் அந்தத் திட்டந்தான் விக்கறாங்க. கேள்வி நாப்பத்தொண்ணு ஆயிருச்சு.”

“என்ன கேள்வி?”

நறுமுகை பலகையைப் பார்த்துப் படித்தாள். “‘உங்கள் தெருவில் நீங்கள் யாருடன் பேசுவதில்லை?’ பேரு சொன்னா கட்டணத்துல மூணுல ஒரு பங்கு தள்ளுபடிங்க. சில தெருவுல இதுக்குன்னே நெசமாலுமே சண்ட வந்துருச்சு. அதுக்குக் காரணம் நானுன்னு நெனச்சா ஒரு மாதிரி இருக்குதுங்க.”

சமையலறையில் மாவு பிசையும் சத்தம் நின்றது. சதாசிவம் செய்தித்தாளை இறக்கினார். கோகிலவாணி சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “எழுதிக்க அம்மிணி. இந்திராணி, பக்கத்து வீடு. மூஞ்சிலயே முழிக்கறதில்ல.”

“எனக்கும் எழுதிக்க கண்ணு,” என்று மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள் இந்திராணி. “கோகிலவாணின்னு ஒருத்தி. அவ சங்காத்தமே ஆகாது.”

அதற்குள் அந்தத் தெருவில் பதினாறு வீட்டார் இப்படி எதிரிகளின் பெயரைக் கொடுத்திருந்தார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு, ஜோடி ஜோடியாக ஒரே அடுப்பில் சமைத்தார்கள். தரகர்களுக்கு அது கச்சிதமான பகையாகத் தெரிந்தது: ஒரு வீடு எரியும்போது மற்றது அணைந்தே கிடந்தது.

இந்திராணி இப்போது மாதம் இரண்டாயிரம் குஞ்சு பொரிக்கிறாள். நறுமுகை பொன்னூஞ்சலை விட்டு விலகி, சேலத்தில் கல்லூரி ஒன்றில் பாடம் எடுக்கிறாள். நிறைகுடம் பவர் இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்துவிட்டது. கால் வளைந்த காடை இரண்டு வருடம் இருந்தது. சதாசிவத்துக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பேச்சு கொஞ்சம் கூடியிருக்கிறது. கோகிலவாணி ஓய்வு பெற்றுவிட்டாள். ஏசி இன்னும் வாங்கவில்லை. போசி இந்த வாரம் இந்திராணி வீட்டில் இருக்கிறது.